கப்பக்காரரின் உல்லாசப் பயணம்

எங்கள் ஊரில் வட்ட ஜன்னல் வைத்த வீடு ஒன்றுதான். மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் மற்ற வீடுகளுக்கு ஜன்னல் சதுரமாக இருக்கும், அல்லது இருக்காது. என் பெரியப்பா வீரன் மட்டும் கொத்தனாரைத் திட்டித் திட்டிச் சுவரில் வட்டமாக ஓட்டை போட வைத்து, அதற்குக் கண்ணாடியும் பித்தளை வளையமும் பொருத்தியிருக்கிறார். அதன் வழியே பார்த்தால் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை தெரியும். அவருக்கு அது போதும். கப்பலில் இருந்த காலத்தில் அவருக்கு ஜன்னலே கிடையாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த அறையில்தான் படுத்து எழுந்தார்.

ஊரில் அவரைக் கப்பக்காரர் என்பார்கள். இளவயதில் புளி லாரியில் ஏறிச் சென்னைக்குப் போய், ஓட்டலில் தட்டு கழுவி, ஏஜென்ட் ஒருவர் மூலமாக உல்லாசக் கப்பலில் சேர்ந்து, அங்கேயும் தட்டுதான் கழுவினார். தலை நரைக்கும் வரை கழுவினார். பெரியம்மா முனியம்மா இங்கே சாமை விதைத்து, அறுத்து, பிள்ளை இல்லாதவள் என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு பெரியப்பா செய்யும் வேலை, தட்டைப் பார்ப்பது. சோறு போடுவதற்கு முன் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தள்ளிவிடுவார்.

"இன்னாடி இது? பாசஞ்சர் இத்த பாத்தா உன் வேல போய்டும்."

"போவட்டும். எந்த வேல போவுதோ போவட்டும்," என்பார் பெரியம்மா, அந்தத் தட்டை மறுபடி கழுவிக்கொண்டே.

நான் அவருடைய தம்பி மகள் அன்பரசி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வேலை தேடுகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். எதைத் தேடுவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதே சரி. அதுவரை யாருடைய போனில் எது வந்தாலும் படித்துச் சொல்வது என் பொறுப்பு. அப்படித்தான் ஒரு நாள் பெரியப்பாவின் போனில் வந்த விளம்பரத்தைப் படித்தேன். சென்னையிலிருந்து புறப்பட்டுக் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசப் பயணம். பழைய காலத்துக் கப்பல், பழைய காலத்து உபசரிப்பு என்று போட்டிருந்தார்கள். பெரியப்பா படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவதான். பேர மாத்திட்டானுங்க, பெயிண்ட மாத்திட்டானுங்க. மூக்க மாத்த முடியுமா?"

அவர் கடைசியாக வேலை பார்த்த கப்பல் அது. அதில் பயணியாகப் போக வேண்டும் என்றார். பெரியம்மா வர வேண்டும், போன் பார்க்க நானும் வர வேண்டும். பெரியம்மா மாட்டேன் என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து மலை இறங்கி வெளியே இரவு தங்கப் போகிறவர்கள், ஊர் எல்லைக் கல்லுக்கு அருகே இருக்கும் அம்மனுக்கு முன்னால் ஒரு கை மண் எடுத்து, ஒரு பிடி சாமையோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்துகொள்வார்கள். படுக்கும் இடத்தில் அது தலைமாட்டில் இருக்க வேண்டும். வழியில் யாரும் அவிழ்க்கக் கூடாது. திரும்பி வந்து அதே கல்லடியில் அவிழ்த்து மண்ணைக் கொட்டி, "போன மாதிரியே வந்திருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் ஊருக்குள் கால் வைக்கலாம். மண்ணைத் தொலைத்தவர் திருவிழாவில் அம்மன் முன்னால் நிற்க முடியாது. பெரியப்பா கடலில் இருந்த இத்தனை வருடங்களில் ஒரு முறைகூட முடிச்சைத் தொலைத்ததில்லை. அது அவருடைய பெருமைகளில் ஒன்று. இந்த முறையும் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டிக்கொண்டார்.

ஜீப் ஓட்டும் முனியன் எங்களை ஏற்றிக்கொண்டு, கண்ணாடியில் பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னா பெரியவரே, இந்த தபா தட்டு கழுவவா, துன்னவா?"

ஜீப்பே சிரித்தது. பெரியப்பா புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் விரலில் பெரிய மோதிரம் இருந்தது. கப்பலிலிருந்து வந்தபோது செய்து போட்டுக்கொண்டது.

கப்பல் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டே போனதும், வெள்ளைக்கு அடியில் துரு ஊறியிருப்பது தெரிந்தது. புதுப் பெயருக்குப் பக்கத்தில், பெயிண்டுக்கு அடியில் பழைய பெயரின் எழுத்துகள் தழும்பு மாதிரிப் புடைத்திருந்தன. பெரியப்பா அண்ணாந்து அதை வாய்க்குள் படித்தார். உள்ளே தாழ்வாரங்கள் குறுகலாக இருந்தன. ஒவ்வொரு கதவுக்கும் உயரமான இரும்பு வாசற்படி. சுவர் ஓரமாக நெடுக ஓடிய மரக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே அவர் நடந்தார். டீசல் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து வந்தன. எங்கள் அறையில் வட்ட ஜன்னல் இருந்தது. அதில் பெயிண்ட் தடிமனாக ஏறியிருந்ததால் திறக்க முடியவில்லை. பெரியப்பா அதற்கு முன்னால் நின்று அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விரலால் விளிம்பைத் துடைத்து, அழுக்கைப் பார்த்தார்.

"இந்த ரூமு யார்து? கூப்புடு அவன."

அறையைக் கவனிக்கும் பணியாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். சட்டையில் தமிழ்மணி என்று பெயர் குத்தியிருந்தார். பெரியப்பா தன் விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சாரிங்க சார். இப்பவே தொடச்சிடறேன்."

"நான் பாக்கலன்னா? அப்டியே உட்டுருப்ப."

தமிழ்மணி துடைத்தார். பிறகு கட்டில் விரிப்பை எடுத்து மறுபடி விரிக்கச் சொன்னார் பெரியப்பா. மடிப்பு சரியில்லை என்று இன்னொரு முறை. தம்ளரில் சொட்டு நிற்கிறது என்று தம்ளர். தமிழ்மணி ஒவ்வொன்றுக்கும் சரிங்க சார் என்றார். அவர் போனதும் பெரியப்பா கட்டிலில் சாய்ந்து, அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அதைவிட நிறைவான முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

பெரியம்மா செருப்பைத் தாழ்வாரத்தில், கதவுக்கு வெளியே கழற்றி வைத்தார். வீட்டுக்குள் செருப்போடு போக அவரால் முடியாது. தமிழ்மணி அதை ஒவ்வொரு முறையும் எடுத்து உள்ளே வைத்தார்.

"வெளிய வெச்சா சூப்பர்வைசர் எடுத்துட்டுப் போய்டுவாரும்மா," என்றவர், என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க மலைங்களா? அம்மா பேச்சு அப்டி கீது. நான் கண்ணமங்கலம். எங்கப்பாவுக்கு ரோட்டு மேல புளிக் கடை. மலைக்காரங்க எல்லாம் எங்க கடையிலதான் மூட்ட எறக்குவாங்க."

ஆமாம் என்றேன். எந்த ஊர் என்றும் சொன்னேன். அவருக்கு ஒரு குழந்தை இருப்பதையும், இந்தப் பயணத்தோடு அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்பது தெரிந்துவிடும் என்பதையும் அவர் சொன்னார். ஒரு புகார் வந்தாலும் புதுப்பிக்க மாட்டார்களாம். பெரியம்மா அவரிடம் அதைவிட அதிகம் பேசியிருக்கிறார். அந்தக் கப்பலில் பெரியம்மாவோடு நின்று பேசியவர் தமிழ்மணி ஒருவர்தான்.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு வேலூரைச் சேர்ந்த ஒரு தம்பதியை உட்கார வைத்தார்கள். மோகன் என்ற ஓய்வு பெற்ற அதிகாரி, அவருடைய மனைவி. இருவருக்கும் பழைய கப்பல்கள் என்றால் உயிர்.

"புதுக் கப்பல்லாம் மால் மாதிரிங்க. லிப்டும் கடையுமா இருக்கும். உள்ள போய்ட்டா கடலே தெரியாது," என்றார் மோகன். "இதுலதான் அலை அடிச்சா நம்ம முதுகுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள்ல ஒடைக்கக் கொண்டுபோய்டுவாங்க. அதுக்குள்ள பாத்துடணும்னு வந்தோம். நீங்க எந்த ஊரு சார்?"

"வேலூர்ப் பக்கந்தான்," என்றார் பெரியப்பா. அவர் பேச்சே மாறியிருந்தது. "அந்தக் காலத்துல நானும் கப்பல்தான். ஆபீசரா இருந்தேன்."

பெரியம்மா தட்டைப் பார்த்தபடி இருந்தார். பேசக் கூடாது என்று அவருக்கு முன்பே உத்தரவு.

மூன்றாம் நாள் காலையில் பெரியப்பா என்னை மேல்தளத்துக்கு அழைத்துப்போனார். தரை தேக்குப் பலகை. வெயிலில் வெளுத்து, பாத்திரம் தேய்க்கும் கல்லின் நிறத்தில் இருந்தது. கப்பலின் பின்பக்கம் ஒரு மூலையில் சாய்வு நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இங்கதான்," என்றார் பிறகு. "ஒரு நாளு வேல முடிஞ்சி, சூரியன் எப்டி வருதுன்னு பாக்க மேல வந்தேன். ஒரு பொம்பள இந்த எடத்துல படுத்துனு இருந்துது. நான் அத்த பாக்கவே இல்ல. சூரியனத்தான் பாத்தேன். அழுக்குத் துணியோட ஒருத்தன் வந்து நிக்கிறான், அருவருப்பா கீதுன்னு போய்ச் சொல்லிடுச்சி. அடுத்த துறைமுகத்துல எறக்கி உட்டுட்டானுங்க. பாஷ தெரியாத ஊரு. கையில மண்ணு முடிச்சு மட்டுந்தான். கால்ல வுழுந்து மறுபடி ஏர்றதுக்குள்ள…"

மோதிரத்தை விரலில் திருகினார்.

"அன்னிக்கி ஒண்ணு தெரிஞ்சிக்கினேன். பாசஞ்சர் வாயில வந்தா போதும். சாட்சி தேவ இல்ல."

அவருக்காக எனக்கு வலித்தது. அடி வாங்கியவர்கள் அடிக்க மாட்டார்கள் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் அப்படி எதுவும் இருந்த ஞாபகம் இல்லை.

கீழே வந்தபோது தலைமாட்டில் முடிச்சு இல்லை. பெரியப்பா தலையணைகளை வீசினார். பைகளைக் கவிழ்த்தார். பெரியம்மாவின் கையை முறுக்கி, "எங்கடி வெச்ச? எங்க போட்ட?" என்றார். பெரியம்மா வலியோடு முறுக்கிய பக்கமே சாய்ந்து, "நான் தொடல, நான் தொடல" என்றார். நான் குறுக்கே போன பிறகுதான் விட்டார். கட்டிலை எத்தனை முறை பிரித்து விரிக்க வைத்தாரோ, அதில் எப்போதோ அது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்திருக்க வேண்டும். அது அவருக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரம் வரை முகம் வெளிறிப்போய் இருந்தார்.

மதியச் சாப்பாட்டில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தமிழ்மணி வந்தார். அவருக்கு அந்தக் கூடத்தில் வேலை இல்லை. வெள்ளைத் துணியை நான்காக மடித்து, அதன் மேல் மஞ்சள் முடிச்சை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, இந்தாங்க. கட்டிலுக்குப் பின்னால கெடந்துது. நீங்க தேடுவீங்கன்னு ஓடியாந்தேன்."

பெரியப்பா சட்டென்று அதைப் பிடுங்கி மடியில் வைத்தார்.

"அது இன்னாப்பா?" என்றார் மோகன்.

அத்தோடு தமிழ்மணி போயிருக்கலாம். அவர் முகம் பூரித்திருந்தது.

"சாமி மண்ணு சார். நெல்லிவாசல் பக்கம் மலைக்காரங்கதான் இத்த கட்டுவாங்க. எங்க கடைக்குப் புளி கொண்டார்றப்ப இடுப்புல இருக்கும், நாங்ககூட தொட மாட்டோம். பெரியவரு இதே கப்பல்ல அடியில தட்டு கழுவினவராம் சார், அம்மா சொன்னாங்க. இப்ப பாசஞ்சரா வந்துக்கீறாரு. எங்க ஸ்டாப்பு எல்லாருக்கும் பெருமையா கீது."

மோகனின் மனைவி பெரியப்பாவை முதல் முறையாக நேராகப் பார்த்து, "ஆபீசர்னு சொன்னீங்க," என்றார். மோகன் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். வேடிக்கை அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்த தட்டைப் பெரியப்பாவின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க ஆபீசர். ஒழுங்கா கழுவுறானுங்களா?"

பெரியப்பாவும் சிரித்தார். தட்டை எடுத்து, பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிவிட்டார். மோகனின் மனைவி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அறைக்குப் போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் பெரியம்மாவும் தாழ்வாரத்தில் நின்றோம். அவர் கதவைத் திறந்தபோது தலையணை மேல் இருந்த மஞ்சள் முடிச்சு முன்பைவிட இறுக்கமாகத் தெரிந்தது. துணியின் நுனியில் பல்லால் இழுத்த ஈரம். அவர் நேராக வரவேற்பு மேசைக்குப் போய், தன் மோதிரத்தைக் காணவில்லை என்றார். பணியாளன் பைக்குள் கைவிட்டிருக்கிறான் என்றார். முடிச்சு அவன் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டார்.

மேற்பார்வையாளரும் காவலர் ஒருவரும் தமிழ்மணியை அழைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்கள். தமிழ்மணியின் சட்டைப் பை, கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். பெல்ட்டை, காலுறைகளைக் கழற்றச் சொன்னார்கள். அவர் இரும்பு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்று, "நான் எடுக்கல சார். பெரியவரே, நீங்களே சொல்லுங்க, நான் எடுப்பனா?" என்றார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

பிறகு அறையைத் தேடினார்கள். காவலரின் கை தலையணை மேல் இருந்த முடிச்சுக்குப் போனது.

"அத்த தொடாதீங்க சார்," என்றார் தமிழ்மணி. "அது சாமி மண்ணு. அவங்க ஊருக்குப் போய்தான் அவுக்கணும். நடுவுல அவுத்தா பெரியவருக்கு ஆவாது."

காவலர் கையை எடுத்துக்கொண்டார்.

நான் மேற்பார்வையாளரிடம் பேசினேன். இவர் எடுத்திருக்க மாட்டார், நல்ல மனிதர், எங்களுக்குத் தெரியும் என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"பக்கத்து ஊர்தான். கண்ணமங்கலம். தினமும் பேசினோம்."

"இவர் உங்ககிட்ட தினமும் பேசினாரா? சொந்த விஷயமெல்லாம்?"

ஆமாம் என்றேன். அவர் தலையசைத்தார். உதவி செய்துவிட்டேன் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன்.

"திருடினதுக்குச் சாட்சி இல்ல," என்றார் அவர் தமிழ்மணியிடம். "பயணிகளோட பழகினதுக்கு இவங்களே சாட்சி. பொருளைத் தூக்கிட்டு டைனிங் ஹால் வரைக்கும் போயிருக்க. சென்னையில எறங்கிக்க."

சென்னைத் துறைமுகத்தில் எங்களுக்கு முன்பே தமிழ்மணி இறங்கியிருந்தார். சீருடை இல்லாமல், ஒரு பையோடு சுவர் ஓரமாக நின்றிருந்தார். பெரியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்தார். பெரியப்பா பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். தமிழ்மணி பெரியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

மலைக்குத் திரும்பி, எல்லைக் கல்லடியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். பெரியப்பா குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். மண்ணும் சாமையும் விழுந்தன. கடைசியாக மோதிரம் விழுந்தது. அவர் அதை எடுத்து, வேட்டியில் துடைத்து, ஊதி, விரலில் போட்டுக்கொண்டார். எங்களிடம் மறைக்கவில்லை. எங்களிடம் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"போன மாதிரியே வந்திருக்கேன்," என்றார் அம்மனிடம்.

பெரியம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவர் அதட்டினார். பெரியம்மா கல்லைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு நடந்தார். அந்த வருடத் திருவிழாவில் அவர் அம்மன் முன்னால் போகவில்லை. பெரியப்பா முதல் ஆளாக நின்று பிரசாதம் வாங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கப்பல் எப்டி கீது பெரியவரே?" என்று முனியன் அன்று ஜீப்பிலிருந்தே கேட்டான்.

"கப்பல் நல்ல கப்பல். வேலக்காரனுங்கதான் சரியில்ல."

சில வாரங்கள் கழித்து நான் கண்ணமங்கலம் போனேன். புளிக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தமிழ்மணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிவசங்கரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் ஆரம்பிப்பதற்கு முன் தமிழ்மணியே கேட்டார்.

"அந்த முடிச்சு பத்திரமா போய்ச் சேந்துச்சா?"

சேர்ந்தது என்றேன். மோதிரம் அதற்குள்தான் இருந்தது என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று புளியைப் பிளந்து கொட்டையைத் தள்ளினார்.

"சாமி மண்ணுக்குள்ளயா?" என்றார். "இருக்காதும்மா. மலைக்காரங்க அப்டி செய்ய மாட்டாங்க. பெரியவரு எங்கயாவது மறந்து வெச்சிருப்பாரு, அப்புறம் கெடச்சிருக்கும். நீங்க படிச்சவங்க, சாமி விஷயத்துல இப்டில்லாம் பேசக் கூடாது."

நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அப்போதுதான் அவர் கை நின்றது. தலைமாட்டில் இருந்த முடிச்சையும், காவலரின் கையையும், தான் சொன்னதையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. தொடாதீங்க என்ற சொல்லைத்தான் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாரோ என்னவோ. பிறகு எழுந்து கடைக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

சிவசங்கரி என் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இது வரைக்கும் ஏதோ போதாத காலம்னு இருந்தாரு. நல்லாத்தான் சாப்ட்டாரு, தூங்குனாரு," என்றார். "இத்த சொல்லத்தான் இம்மாந்தூரம் வந்தீங்களா?"

உண்மை அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரிஞ்சுடுச்சி. போய்ட்டு வாங்க."

சாலையில் வேலூர் பஸ்ஸும் ஆரணி பஸ்ஸும் மாறி மாறி வந்தன. நான் எதிலும் ஏறவில்லை. பெரியப்பா மோதிரத்தை ஊதித் துடைத்ததும், நான் இவர்களிடம் உண்மையைக் கொண்டுவந்து இறக்கியதும் ஒன்றல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் ஒன்றல்ல என்பதற்குக் காரணம் தேடினேன். எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. முனியன் இறங்கி, எங்கள் ஊர்ப் புளி மூட்டைகளைத் தமிழ்மணியின் கடைக்குள் உருட்டிவிட்டான். மேல் மூட்டையில் பெரியப்பாவின் பெயரைப் பச்சை மையில் எழுதியிருந்தார்கள். உள்ளேயிருந்து தமிழ்மணி வந்து, அதைப் படித்துவிட்டு, குனிந்து தோளில் தூக்கிக்கொண்டார்.